மினிடிவி கேசட்டில் இருக்கும் வீடியோவைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: அப்பா பழைய டிஜிட்டல் கேம்கார்டரில் எடுத்த மினிடிவி கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கேமராவை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் இணைத்தால் கேசட்டில் உள்ள எதுவும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்:

உங்கள் கேபிளிலும் மடிக்கணினியிலும் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. மினிடிவி கேமராக்கள் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி துளை இருப்பது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை இறக்குவதற்குத்தான். கேசட்டில் உள்ள வீடியோ முழுத் தரத்தோடு வெளியே வரும் வழி ஃபயர்வயர் என்ற வேறொரு இணைப்பு. கேமராவின் பக்கவாட்டில் ஏதாவது ஒரு மூடியைத் திறந்தால் நான்கு முனை கொண்ட சின்னத் துளை ஒன்று தெரியும். சோனி கேமராவாக இருந்தால் அதன் அருகே ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். ஃபயர்வயருக்கு அந்த நிறுவனம் வைத்த பெயர் அது.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை கொண்ட கேபிளில் எடுத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது என்பேன். 1995இல் சந்தைக்கு வந்த மினிடிவி முறையில் நாடாவில் பதிவாவது டிஜிட்டல் தகவல், வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு சுமார் 25 மெகாபிட். ஃபயர்வயர் அந்தத் தகவலை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். மூவண்ணக் கேபிளோ அதை அனலாக் ஆக்கி வெளியே அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி அதை மீண்டும் டிஜிட்டலாக மாற்றிச் சுருக்குகிறது. இந்தப் போக்குவரத்தில் படத்தின் கூர்மை குறைவதோடு இன்னொன்றும் தொலைந்துபோகிறது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அது தேதி. கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு பிரேமோடும் அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் நாடாவில் பதிவாகியிருக்கும். படத்தின் மேல் எழுத்தாகத் தெரியாமல் தகவலாக உள்ளே இருக்கும். ஃபயர்வயரில் எடுத்தால் அதுவும் கோப்புக்குள் வந்துவிடும். எங்கள் வீட்டில் பாட்டி மத்தாப்பு கொளுத்தும் காட்சி ஒன்று உண்டு. அது எந்த வருடத்துத் தீபாவளி என்று ஆளுக்கொரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். கோப்பைத் திறந்ததும் வழக்கு தீர்ந்துவிட்டது. கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் "பொங்கல், காதுகுத்து" என்று மட்டும் எழுதியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தேதிகளை விட்டுக்கொடுக்க மனம் வராது.

இனி, என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். ஃபயர்வயர் துளை உள்ள கணினி கிடைப்பதுதான் இன்று சிரமம். மேசைக் கணினி இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு வாங்கிப் பொருத்தலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அல்லது வியா சிப் உள்ளதாகப் பாருங்கள். இல்லையென்றால் உறவினர், நண்பர் வீடுகளில் தூங்கும் பழைய மடிக்கணினிகளை விசாரியுங்கள். பழைய மேக்புக் ப்ரோ கிடைத்தால் நல்லது. அதன் துளை ஒன்பது முனை கொண்டது என்றால் கேபிளை அதற்கேற்ப வாங்க வேண்டும். 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டார்கள். ஆகவே மேக்கில் செய்வதாக இருந்தால், வேலை முடியும்வரை அந்தப் பதிப்புக்கு மாற்ற வேண்டாம்.

ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் கொண்ட மலிவான கேபிள்கள் இணையத்தில் விற்கின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசும் இணைப்புகள். முனையின் வடிவத்தை மட்டும் மாற்றினால் தகவல் கடக்காது. சரியான கேபிளையும், கேமராவும் கணினியும் அணைந்திருக்கும்போது செருகுவதே பாதுகாப்பு. ஆறு முனைத் துளையில் மின்சாரமும் ஓடுகிறது. முனையைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் துளை எரிந்துபோகும்.

கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. நாடாவில் வெண்மையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளையும் கெடுக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்தவற்றை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள். நல்ல கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னே ஓட்டி, பின்னே ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் இயக்குங்கள்.

விண்டோஸில் வின்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். கார்டு தெரிந்தும் கேமரா தெரியவில்லை என்றால், ஃபயர்வயருக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பழைய 'லெகசி' டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு டிவிகிராப் (dvgrab) உண்டு. நான் விரும்புவது அதைத்தான்: காட்சி மாறும் இடங்களில் தானாகக் கோப்பைப் பிரித்து, எடுத்த தேதியையே கோப்பின் பெயராக வைக்கும்.

இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடமும் வேண்டும். வெளி ஹார்டு டிஸ்க் ஃபேட் 32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 20 நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது டிஸ்க் அழிந்துவிடும் என்பதால் உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

படம் சதுரம் சதுரமாகச் சிதறினால் பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. உலர் கிளீனிங் கேசட்டை அதில் எழுதியிருக்கும் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட் தேயும். நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் எல்பி முறையில் எடுத்த கேசட்டுகள் வேறு கேமராவில் முரண்டு பிடிக்கும். அப்பா பதிவு செய்த அதே கேமரா உங்களிடம் இருப்பது பெரிய அனுகூலம். எல்லாக் கேசட்டும் முடியும்வரை அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இறக்கிய கோப்புகளை அப்படியே இரண்டு டிஸ்க்குகளில் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் தொலைக்காட்சியில் பார்க்கவும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் தனியாக எம்பி4 நகல் எடுக்கலாம். அப்போது டீஇன்டர்லேஸ் வசதியை இயக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் யாராவது கையசைக்கும்போதெல்லாம் ஓரங்களில் கோடு கோடாகத் தெரியும்.

இவ்வளவும் முடியாது, கடையில் கொடுத்துவிடுகிறேன் என்றால் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கேசட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஃபயர்வயர் வழியாக எடுப்பீர்களா, மூலக் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தருவீர்களா? டிவிடி மட்டும்தான் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள்.