அந்த பாட்டில் யாரு கையில இருந்து யாரு கைக்கு வந்துச்சு? – கேள்வி பதில்

பழைய பாட்டில் சேக்கறவங்ககிட்ட இருந்து இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல "எங்க அப்பாரு காலத்து பாட்டில், இது புரோட்டோடைப்புங்களா (டிசைன் பாக்க மொதல்ல செஞ்ச மாதிரி பாட்டில்)"ங்கறது தான். அதையெல்லாம் ஒரே பதில்ல முடிச்சுட்டு மத்ததுக்கு போறேன்.

பாட்டில்ல 1915 நவம்பர் 16னு போட்டிருக்குது. ஏலத்துல கோடிக்கு போன கோக் பாட்டில் இதுதானுங்களா? (பொள்ளாச்சி)

இல்லைங்க. அது பேட்டன்ட் தேதி, பாட்டில் செஞ்ச தேதி இல்ல, அதே தேதிய போட்டு பல வருஷம் ஏகப்பட்ட பாட்டில் ஓட்டுனாங்க. நெஜ புரோட்டோடைப் அமெரிக்காவுல டெர்ரே ஹோட் ஊர்ல ரூட் கிளாஸ் கம்பெனியில ஏர்ல் டீன் செஞ்சது, கோகோ காய் படத்த பாத்து வரைஞ்சாரு, வயிறு அடிய விட அகலம், கன்வேயர்ல ஆடுதுன்னு தான் அப்புறம் வயித்த குறைச்சாங்க. 2011ல ஜூலியன்ஸ் ஏலத்துல 2,40,000 டாலருக்கு போச்சு, அன்னைக்கு ரேட்டுக்கு சுமார் ஒரு கோடி. உங்க பாட்டில் வயிறு அடிய விட அகலமான்னு ஸ்கேல் வெச்சு பாருங்க, இல்லைன்னா பத்திரமா அட்டாலியில வெச்சுட்டு வேற சோலிய பாருங்க.

எழுத்தே இல்லாத மொட்டை பாட்டில். விக்கறவரு "கம்பெனி சாம்பிள்"ங்கறாரு. (திருப்பூர்)

எழுத்து இல்லைன்னா எழுத்து இல்லாத பாட்டில், அவ்வளவுதான். பேப்பர் லேபிள் ஒட்டி வித்த சின்ன சோடா கம்பெனி எத்தனையோ இருந்துச்சு. சாம்பிள்னு சொல்றவரு எந்த கம்பெனி, யாரு கொண்டு வந்தது, எப்பன்னு எழுதி கையெழுத்து போட்டு தரட்டும், அப்புறம் பேசலாம்.

ஏலப் படத்துல இருக்கற பாட்டிலும் எனக்கு காட்டறதும் ஒண்ணான்னு எப்படி கண்டுபிடிக்கறது? (ஈரோடு)

நல்ல கேள்வி தம்பி. காங்கேயம் மாட்டுக்கு சுழி பாக்கற மாதிரி பாட்டிலுக்கு குமிழி பாக்கணும். கண்ணாடிக்குள்ள மாட்டுன காத்துக் குமிழி எடம் மாறாது, எத்தனை பேரு கை மாறுனாலும் அது அங்கயே தான் இருக்கும். பின்னாடி லைட்ட வெச்சு நாலு பக்கமும் படம் எடுத்து பழைய படத்தோட ஒப்பிடுங்க. அச்சு தையல் கோடு (அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல கண்ணாடியில விழற கோடு) வாய்க்கு எவ்வளவு கீழ நிக்குது, எழுத்து எங்க மங்கியிருக்குதுன்னும் பாருங்க. வாய் ஒடைசல மட்டும் நம்பாதீங்க, பழைய படத்துக்கு அப்புறம் புது ஒடைசல் வந்திருக்கலாம், பழச ரெசின் போட்டு மூடியும் இருப்பாங்க. குமிழி ஒத்து வரலைன்னா அது வேற பாட்டில், அதுக்கு மேல பேச்சில்ல.

மாமா பாட்டிலிங் கம்பெனியில வேலை பாத்தாரு, வெளிய விடாத கலர் டிசைன் பாட்டில் ரெண்டு வீட்டுக்கு கொண்டு வந்தாரு. விக்கலாமுங்களா? (பெருந்துறை)

கம்பெனி குடுத்துச்சா, மாமா எடுத்துட்டு வந்தாரா? கோவிச்சுக்காதீங்க அம்மிணி, புரோட்டோடைப்னாலே மொதல் சொந்தக்காரன் கம்பெனி தான், அங்கிருந்து வெளிய வந்த வழி தான் மொதல் கேள்வியே. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 27வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, விக்கறவனுக்கு இல்லாத உரிமை வாங்கறவனுக்கு வராது (விதிவிலக்கு இருக்குது, ஆனா அத நம்பி எறங்காதீங்க). மாமா உசுரோட இருந்தா இன்னைக்கே உக்கார வெச்சு எப்படி வந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க.

பாட்டிலோட பழைய பில்லும் லெட்டரும் தர்றாங்க, நம்பலாமா? (கோபி)

பேப்பர் பழுப்பா இருக்குதுன்னு நம்பாதீங்க, டீ தண்ணியில முக்குனா எல்லாமே பழுப்பு தான். உள்ள இருக்கறத படிங்க. 1955 பில்லுல "நயா பைசா"ன்னு இருந்தா பொய், அந்த புது காசு வந்ததே 1957ல. 1965 கடுதாசியில பின்கோடு இருந்தா பொய், பின்கோடு 1972ல தான். 1970 பில்லுல பெரியார் மாவட்டம்னு அச்சடிச்சிருந்தா சிரிச்சுட்டு எந்திரிச்சு வந்துடுங்க, கோயமுத்தூர்ல இருந்து பிரிஞ்சதே 1979ல. அதுக்கு ஈரோடு மாவட்டம்ங்கற பேரு 1990கள்ல தான், திருப்பூர் மாவட்டம் 2009. இன்னொண்ணு, யூவி லைட்டுல பேப்பர் பளிச்சுனு நீலமா மின்னுச்சுன்னா அது வெளுப்பு மருந்து சேத்த பேப்பர், அந்த மருந்து 1950ய ஒட்டி வந்தது, அதுக்கு முந்தின தேதி போட்டிருந்தா சந்தேகப்படுங்க.

நண்பர்கிட்ட ஒரு ட்ரையல் பாட்டில் (கம்பெனி சோதனைக்குன்னு செஞ்சது) வாங்குனேன். யாருகிட்ட வாங்குனீங்கன்னு கேட்டா சிரிக்கறாரு. இது அவ்வளவு முக்கியமா? (கோயமுத்தூர்)

ஏனுங்க, இதைத்தானுங்க நான் தொண்டை காய கத்திட்டு இருக்கறேன்! சாதா பாட்டில் ஆயிரம் இருக்கும், அதுக்கு பூர்வீகம் தேவையில்ல, பாட்டிலே சாட்சி சொல்லும். ட்ரையல் பாட்டில் ஒண்ணோ ரெண்டோ தான் இருக்கும், ஒப்பிட்டு பாக்க வேற பாட்டில் கெடையாது, அதனால யாரு யாரு கையில இருந்துச்சுங்கற பேரு வரிசை தான் அதோட பாதி மதிப்பு. நம்ம ஆளுங்க அதைத்தான் மொதல்ல அழிப்பாங்க. பாட்டில் அடியில பழைய கலெக்டர் ஒட்டுன நம்பர் ஸ்டிக்கர் இருக்கும், வாங்குன ராத்திரியே சுடுதண்ணியில ஊற வெச்சு உரிச்சு எறிஞ்சுட்டு பளபளன்னு தொடைச்சு போட்டோ போடுவாங்க. கேட்டா, போட்டிருந்த பழைய விலை தெரிஞ்சுட கூடாதாமா. இன்னொருத்தரு வாங்குன எடத்த சொன்னா நீங்க நேரா அங்கயே போயிடுவீங்கன்னு பயப்படுவாரு. பயம் நியாயம் தான், ஆனா அதுக்கு வழி இல்லையா? பேர எழுதி கவர்ல ஒட்டி கையெழுத்து போட்டு பாட்டிலோட வெச்சுடுங்க, பத்து வருஷம் கழிச்சு பிரிச்சுக்கட்டும். அதையும் செய்யாம மண்டையிலயே வெச்சுட்டு ஒரு நாள் மனுஷன் போயிடுவாரு, அப்புறம் வீட்டு அம்மாகிட்ட கேட்டா "பொடக்காலியில கெடந்துச்சுங்க, எங்கிருந்து வந்துச்சோ"ன்னுவாங்க, சங்கிலி அங்கயே அறுந்து போச்சு. கோக் பாட்டில் கதையே பாருங்க, பேட்டன்ட்ல இருந்த பேரு அலெக்சாண்டர் சாமுவேல்சன், வரைஞ்சது டீன், ரொம்ப காலம் பேரு சாமுவேல்சனுக்கு தான் போச்சு. உலகம் பூரா தெரிஞ்ச பாட்டிலுக்கே இந்த கதின்னா உங்க நண்பரோட சிரிப்ப நம்பி என்னத்த பண்றது? யாருகிட்ட வாங்குனாருன்னு எழுதுன சீட்டு தரலைன்னா சாதா பாட்டில் விலை தான்னு சொல்லி மிச்ச காச திருப்பி கேளுங்க.

பாட்டில் ஊதா கலர்ல இருக்குது, வெய்யில் பட்டு மாறுனதாமா. (காங்கேயம்)

மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடி வெய்யில்ல லேசா ஊதா ஆகும், நெஜம். அடர் ஊதான்னா கதிர்வீச்சுல வெச்சு ஏத்துனதா இருக்கும். வேண்டாம்.

அப்பா சேத்த பாட்டிலுக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் சண்டை. என் பங்க மட்டும் விக்கலாமா? (தாராபுரம்)

வக்கீல பாருங்க. உயில் இல்லைன்னா அம்மா, அக்கா தங்கச்சிக்கும் பங்கு உண்டு, அத வசதியா மறந்துட்டீங்களாட்ட இருக்குது. முடியற வரைக்கும் யாரும் விக்காதீங்க, கழுவாதீங்க, ஸ்டிக்கர உரிக்காதீங்க.

ரொம்ப பழைய கோலி சோடா பாட்டில வெளிநாட்டுக்காரரு கேக்கறாரு, பார்சல் போடட்டுமா? (கரூர்)

பொறுங்க. இங்கிலாந்துக்காரரு ஹிராம் காட் 1870கள்ல பேட்டன்ட் வாங்குன டிசைன் தான், ஆனா நம்மூர்ல இன்னைக்கும் புதுசா செய்யறாங்க, கோலி இருந்தா பழசுன்னு அர்த்தமில்ல. நெஜமாவே 100 வருஷம் தாண்டுனதுன்னா 1972 தொல்பொருள் சட்டத்துல வர வாய்ப்பு இருக்குது, வந்துச்சுன்னா தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப கூடாது. தொல்லியல் துறையில தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்குன பொறவு பார்சல பத்தி யோசிங்க.

விலை என்ன வரும்? (ஊரும் இல்ல, போட்டோவும் இல்ல)

எதுக்குங்க விலை? அடி, வாய், தையல் கோடு மூணும் தெரியற மாதிரி பகல் வெளிச்சத்துல படம் எடுத்து, யாருகிட்ட வாங்குனதுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. கழுவாம.