ஆய்வறிக்கை வரும் முன் கொலை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பி ஐந்து மாதங்களுக்கு முன், 36 வயதில், இரவு உறக்கத்திலேயே இறந்துவிட்டான். உடற்கூறாய்வில் எடுத்த ரத்தமும் உள்ளுறுப்புகளும் ரசாயன ஆய்வுக்குச் சென்றன. முடிவு இன்றுவரை வரவில்லை. அவன் மனைவி எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று நானும் அம்மாவும் உறுதியாக நம்புகிறோம். அவன் கடைசியாகக் குடித்த டம்ளரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மன அழுத்தத்துக்கு இரண்டு வருடங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்ததைத் தவிர அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. காப்பீட்டுத் தொகைக்கு மனைவியைத்தான் நியமித்திருக்கிறான். அதில் பாதியை அம்மாவுக்குத் தருவதாக அவள் ஆள் விட்டுப் பேசுகிறாள். தாமதிக்கும் ஆய்வகத்தின் மீது வழக்குப் போடலாமா? அவள்தான் கொலை செய்தாள் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து தொகையை நிறுத்தலாமா?

பதில்: சகோதரி, தம்பி மனைவி இறுதிச் சடங்கில் அழவில்லை என்பது முதலாக நீங்கள் நான்கு பக்கங்களில் எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி நீதிமன்றத்தில் எடுபடாது. உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான வரி ஒன்றுதான் இருக்கிறது. அது போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த மாத்திரை பற்றிய வரி.

ஆய்வகத்தின் மீது வழக்கு வேண்டாம். ஐந்து மாதம் என்பது உங்களுக்கு எவ்வளவு கொடுமையான காத்திருப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்றாகாது. விஷம் இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லும் ஒரே பரிசோதனை எங்கும் கிடையாது. தூக்க மருந்து, பூச்சிக்கொல்லி, மதுசாரம், ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சு என்று ஒவ்வொரு வகைக்கும் பிரித்தெடுக்கும் முறையும் கருவியும் வேறு. முதலில் சல்லடைச் சோதனை செய்வார்கள். அதில் ஐயம் எழுந்தால் வேறொரு முறையில் உறுதி செய்வார்கள். பிறகு அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். கல்லீரல் துண்டை அரைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் நீக்காமல் கருவிக்குள் செலுத்தவே முடியாது. அதற்குப் பிறகும், அந்த எண்ணை உடற்கூறாய்வு மருத்துவர் திசுப் பரிசோதனையோடும் சம்பவ இடத்து விவரங்களோடும் பொருத்திப் பார்த்துத்தான் இறப்புக் காரணத்தை எழுத வேண்டும். எதைத் தேடுவது என்று தெரியாத ஆய்வகம் எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கிறது. தம்பியின் மருந்துச் சீட்டுகள் புலனாய்வு அதிகாரி வழியாக ஆய்வகத்துக்குப் போயினவா? போகவில்லை என்றால், அதை இன்றே கொடுப்பது நீங்கள் போட நினைக்கும் வழக்கைவிடப் பயன் தரும்.

அவசரத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பட்ரீசியா ஸ்டாலிங்ஸ் என்ற தாயின் கைக்குழந்தை 1989-இல் இறந்தது. குழந்தையின் ரத்தத்தில் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருப்பதாக ஆய்வில் சொல்லப்பட்டது. 1991-இன் தொடக்கத்தில் அந்தத் தாய் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே, விசாரணைக் காவலில் அவர் சிறையில் இருந்தபோது பிறந்த அடுத்த குழந்தைக்கும் அதே அறிகுறிகள் தோன்றின. அது பரம்பரை வளர்சிதை மாற்றக் குறைபாடு என்று தெரிந்தது. அந்தக் குறைபாட்டால் உடலே உண்டாக்கும் புரோப்பியானிக் அமிலத்தைத்தான் நச்சு என்று படித்துவிட்டிருந்தார்கள். அதே ஆண்டிலேயே வழக்கு கைவிடப்பட்டது. ஒரு முறை கிடைத்த முடிவை வேறு முறையில் உறுதி செய்ய எடுத்துக்கொள்ளும் வாரங்களை நான் குறை சொல்வதில்லை.

இப்போது உங்களைக் குறித்து நான் உண்மையாகவே அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். வழக்குக்காக வரும் கட்சிக்காரர்கள் துக்கத்தின் வேகத்தில், அறிக்கை வருவதற்கு முன்பே, இன்னார் இன்ன முறையில் விஷம் கொடுத்தார் என்று சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் அறிக்கை அந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. உங்கள் தம்பியின் விஷயத்தில் அந்த ஆபத்து இரட்டிப்பாக இருக்கிறது. மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், குறிப்பாக அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்தவை, இறப்புக்குப் பின் கல்லீரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் மெல்லக் கசிந்து அருகிலுள்ள ரத்தத்தில் கலக்கும். அதனால் இதயப் பகுதியில் எடுத்த ரத்தத்தில் அளவு, தொடை நாளத்தில் எடுத்த ரத்தத்தைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்டக்கூடும். அறிக்கையில் ஒரு பெரிய எண் வரும். நீங்கள் ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்பீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, ரத்தம் உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் இல்லை என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எண் உண்மையாகவே கூடுதல் என்று நிலைநாட்டினாலும், தம்பியே அதிகமாக விழுங்கினாரா, தவறுதலாக இரு முறை சாப்பிட்டாரா, வேறொருவர் கொடுத்தாரா என்பதை எந்த வேதியியல் கருவியும் சொல்லாது. அப்போது உங்கள் பிரமாணப் பத்திரம் உங்களுக்கு எதிரான ஆவணமாக மாறி, பொய்ச் சத்தியம், அவதூறு என்று தம்பியின் மனைவி உங்கள் மீது திரும்பும் வழியைத் திறந்துவிடும்.

அந்த டம்ளரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முத்திரையில்லாமல், சாட்சியில்லாமல், குற்றம் சாட்டுகிறவரின் அலமாரியில் ஐந்து மாதம் இருந்த பொருளில் நாளை விஷமே கிடைத்தாலும், அதை வைத்தவர் யார் என்ற கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். கழுவாமல், துடைக்காமல், அப்படியே புலனாய்வு அதிகாரியிடம் ஒப்படைத்து எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். அதன் மீது வழக்கைக் கட்டாதீர்கள்.

மாறாக, உடற்கூறாய்வுக் குறிப்பில் எந்தெந்த மாதிரி, உடலின் எந்தப் பகுதியிலிருந்து, எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, எதில் பாதுகாக்கப்பட்டது, யார் முத்திரையிட்டார் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்குப் பின் மீதமாகும் மாதிரியை வழக்கு முடியும்வரை அழிக்கக் கூடாது என்று எழுத்து மூலம் கோருங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவை அழிக்கப்படுவது வழக்கம், அழிந்த பின் மறுஆய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிக்கை வரவில்லை என்பதால் உரிமை வழக்குகளின் காலவரம்பு தானாக நின்றுவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம்.

காப்பீட்டுத் தொகையைப் பொறுத்தவரை, பாதியை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள் என்பதே என் ஆலோசனை. நியமனம் தம்பி மனைவியின் பெயரில் இருக்கிறது. தொகையை நிறுத்த உங்களிடம் சந்தேகம் மட்டுமே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வழக்காடினால் அந்தப் பாதியும் அம்மாவின் காலத்துக்குள் அவர் கைக்கு வராமல் போகக்கூடும். ஆனால் ஒப்பந்தம் பணத்தைப் பற்றியதாக மட்டுமே இருக்க வேண்டும். ‘இறப்பு குறித்து எங்களுக்கு இனி எந்தப் புகாரும் இல்லை’ என்ற வாசகம் அதில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு குற்றப் புகாரை மறைப்பது பல நாடுகளின் சட்டத்தில் தனிக் குற்றம். புலனாய்வு அதன் வழியில் நடக்கட்டும், அறிக்கை வரட்டும். அதன் பிரதியோடும் உடற்கூறாய்வுக் குறிப்போடும் வாருங்கள், அப்போது பிரமாணப் பத்திரத்தைப் பற்றிப் பேசலாம்.