விண்டோஸ் 11-க்கு மாற்றும்போது பாதியில் நின்று பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறது. ஃபார்மட் செய்வதுதான் ஒரே வழியா?

இல்லை. எல்லாம் செய்து பார்த்த பிறகு கடைசியில் யோசிக்க வேண்டியது ஃபார்மட். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றுகிறீர்கள், எழுபது சதவீதத்தைத் தாண்டுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, செய்த மாற்றங்களை எல்லாம் நீக்குவதாகச் சொல்லிவிட்டுப் பழையபடி 10-லேயே வந்து நிற்கிறது. கடைக்காரர் ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார். உள்ளே பத்து வருடத்துப் போட்டோக்கள் இருக்கின்றன.

பழையபடி திரும்பி வந்ததே நல்ல விஷயம்தான். புது விண்டோஸ் முழுசாக எழுந்து நிற்கும்வரை செட்டப் பழையதைக் கைவிடாது. நடுவில் ஏதாவது இடித்தால் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எங்கே இடித்தது என்பதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் திரும்புகிறது. அதைப் படிக்காமல் மறுபடி மறுபடி முயற்சி செய்தால் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

எனவே முதல் வேலை பிழை எண்ணைக் குறித்துக்கொள்வது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியிலோ, திரும்பி வந்ததும் தெரியும் செட்டப் பெட்டியிலோ கிடைக்கும். நீங்கள் சொல்கிற மாதிரி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்பினால் பெரும்பாலும் அது 1900101 என்று முடியும் எண்ணாக இருக்கும். அந்த வரிசை முழுவதுமே கிட்டத்தட்ட டிரைவர் கோளாறு, அதாவது மாட்டியிருக்கும் பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருளில் கோளாறு. அதன் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு எண் இருக்கும்: 20017, 30018, 40017 என்று. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் தேடுகிறார்கள். உண்மையில் விஷயம் இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. அதன் முதல் இலக்கம், வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்கிறது.

1 என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸுக்குள்ளேயே, ஃபைல்களைத் தயார் செய்யும்போதே நின்றுவிட்டது. 2 என்றால் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, ஒரு குட்டி விண்டோஸ் எழுந்து வேலை செய்யும் கட்டம். இங்கே டிஸ்க் சம்பந்தப்பட்ட டிரைவர், வெளி நிறுவனத்தின் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும்) மென்பொருள், பழைய பயாஸ் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இவற்றைச் சந்தேகிக்க வேண்டும். 3 என்றால் புது விண்டோஸ் முதன்முதலாகக் கண் திறந்து, கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் கட்டம். 4 என்றால் அதற்கும் அடுத்த பூட், அதாவது மறுபடி ரீஸ்டார்ட் ஆகி எழும் கட்டம். ஆன்டிவைரஸ் விட்டுவைத்த டிரைவர்கள் அதிகம் இடிக்கும் இடம் இது.

எங்கள் அக்கா வீட்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் வந்தது 30018. மாமாவின் கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. பிரின்டர், வெப்கேம், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கீபோர்ட், மவுஸ், மானிட்டர் மட்டும் வைத்துப் பார்த்தோம். அப்போதும் அதே எண். மாட்டியிருப்பது எதுவும் காரணம் இல்லை என்றால், முன்னொரு காலத்தில் மாட்டியிருந்தது எதுவோ காரணமாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் இதற்காகவே செட்டப்டயாக் என்று ஒரு கருவி வைத்திருக்கிறது. 2020-க்குப் பிறகு வந்த செட்டப்பிலேயே அது சேர்ந்து வருகிறது; அப்கிரேட் தோற்றால் தானாக ஓடி, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக் என்ற ஃபோல்டரில் முடிவை எழுதி வைக்கிறது. அங்கே இல்லாவிட்டால், சி டிரைவில் $WINDOWS.~BT என்று டாலர் குறியோடு தொடங்கும் மறைந்த ஃபோல்டருக்குள் சோர்சஸ், அதற்குள் பேந்தர், ரோல்பேக் என்று இரண்டு இருக்கும். அவற்றில் 'செட்டப் எர்ர்' (setuperr.log) என்ற லாகை, அதாவது நடந்ததைப் பதிந்து வைத்த ஃபைலை, நோட்பேடில் திறந்து, அடியிலிருந்து மேலே படியுங்கள். மேலே இருக்கும் நூறு எச்சரிக்கைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை ஒழுங்காக முடிந்த அப்கிரேடிலும் இருக்கும்.

அக்கா வீட்டில் அந்த அறிக்கை, டிவைஸ் இன்ஸ்டால் ஆகும்போது தொங்கிவிட்டது என்று சொல்லி ஒரு டிரைவர் பெயரைக் காட்டியது. வீட்டுக்கு ஃபைபர் வருவதற்கு முன்னால், யூஎஸ்பியில் சொருகி நெட் பார்த்த பழைய நெட்செட்டரின் டிரைவர். பொருள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது, டிரைவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி டேட்டா கார்டு, பழைய பிரின்டர், வைஃபை டாங்கிள் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் நம் ஊரில் குறைவு. அதனால் இதை எல்லோருமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்: டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால், இப்போது மாட்டியில்லாதவை எல்லாம் மங்கலான ஐகானோடு வரும். உங்கள் கையில் இருந்து போன பொருள் என்று நிச்சயமாகத் தெரிவதை மட்டும் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவர் சாஃப்ட்வேரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். பெயர் புரியாத மங்கல் ஐகான்களைத் தொட வேண்டாம். அந்த டிரைவர் போனதும் அப்கிரேட் எங்கும் நிற்காமல் முடிந்தது.

உங்கள் எண் 40017 என்றால் விலைக்கு வாங்கிய ஆன்டிவைரஸை முதலில் முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிசேபிள் மட்டும் செய்தால் அதன் டிரைவர் போகாது. அப்கிரேட் முடியும்வரை விண்டோஸ் டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளும்.

80070070 என்று வந்தால் இடப் பற்றாக்குறை, அவ்வளவுதான். சி டிரைவில் 30 ஜிபி வரை காலி செய்துகொண்டு வாருங்கள். ஆனால் சி டிரைவில் இடம் இருந்தும் 'சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை' என்று வந்தால் அது வேறு கதை: பூட் ஃபைல்களுக்காக டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த 100 எம்பி பகுதி (பார்ட்டிஷன்) நிரம்பிவிட்டது. அங்கே பூட் திரைக்கான எழுத்துரு ஃபைல்கள் இருக்கும். அவற்றை நீக்கினாலே தேவையான இடம் கிடைத்துவிடும் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்லியிருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு கமாண்ட் தவறினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது.

விண்டோஸ் 11-க்குக் கம்ப்யூட்டர் தகுதியில்லை என்று சொன்னால், உடனே புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று காட்டும் பல மதர்போர்டுகளில் அது இருக்கிறது, பயாஸில் ஆஃப் ஆகியிருக்கிறது. இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். பிராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதாக இருந்தால் மட்டும் அநேகமாக வழியில்லை. இணையத்தில் கிடைக்கும் குறுக்கு வழிகளில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் பிள்ளைகள் படிக்கிற, வங்கிக் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்யமாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குள், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் பென்டிரைவில் போட்டுப் பழகிப் பார்க்கலாம், பழைய கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடும்.

அடுத்த முயற்சிக்கு முன்னால் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்த பிறகு நாலு போட்டோவை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். டேலி இருந்தால் அதன் பேக்கப் தனியாக. பயாஸில் கை வைப்பதாக இருந்தால் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் உங்கள் போட்டோக்களை யாராலும் திறக்க முடியாது. இந்த ஒன்றைத் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட் வழியாகப் போகாமல், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11 முழுவதும் ஒரே ஃபைலாக இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, அதை டபுள் கிளிக் செய்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுவது நல்லது. பாதி இறங்கிய பழைய ஃபைல்களின் தொல்லை இருக்காது. செட்டப் அப்டேட் பற்றிக் கேட்கும்போது இப்போது வேண்டாம் என்று கொடுத்து நெட்டையும் துண்டித்துவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் தொடங்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்கும். நின்றுவிட்டது என்று பவர் பட்டனை அமுக்குவதற்கு முன், சிபியூவின் முன்பக்கத்தில் இருக்கும் சின்ன ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

ஏறிய பிறகு பிரின்டர், தமிழ்க் கீபோர்ட், டேலி மூன்றையும் அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். ஏதாவது சரிவரவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதுவரை 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். இவ்வளவும் செய்து மறுபடி திரும்பினால், இரண்டு எண்களையும் லாகின் கடைசிச் சில வரிகளையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.