மாடித்தோட்டக் குரூப்பில் தினமும் சண்டை: அட்மின் என்ன செய்யலாம்?

கேள்வி: மாடித்தோட்டக்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறேன். சுமார் 600 பேர் இருக்கிறார்கள். அதில் ஓய்வுபெற்ற ஒருவர், விஷயம் தெரிந்தவர்தான், யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறார். வேப்பெண்ணெயில் ஆரம்பிக்கும் பேச்சு கைகலப்பு ஒன்றுதான் பாக்கி என்ற அளவுக்குப் போகிறது. இரண்டு பேர் விலகிவிட்டார்கள். இவரை நீக்கினால் இவருக்கு வேண்டியவர்களும் கிளம்பிவிடுவார்களோ என்று பயம். வயதில் பெரியவர் வேறு. என்ன செய்வது?
– வாசகி, கோவை

நீக்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். கடைசியாக நடந்த பெரிய சண்டை எதுவோ, அதன் தொடக்கம்வரை மேலே தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு போட்டோ இருக்கும். செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாக ஏதோ; "இது என்னங்க, என்ன அடிக்கலாம்?" என்று ஒரு கேள்வி. மாவுப்பூச்சி என்று ஒருவர் சொல்லியிருப்பார். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள் என்று இன்னொருவர். அடுத்து உங்கள் ஆள்: "வேப்பெண்ணெய் அடிச்சு எவனுக்காவது போயிருக்கா? படிக்காமலே பேசறீங்க. ஆதாரம் இருந்தா போடுங்க." அங்கிருந்து ரசாயன உரம், பசுமைப் புரட்சி என்று சுற்றி, "உங்க வயசுக்கு இது அழகில்ல" என்பதில் வந்து நிற்கும். சரி, செம்பருத்தி வைத்திருப்பவருக்கு என்ன கிடைத்தது? செடியில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்பு இருந்தால் மாவுப்பூச்சி லேசில் போகாது என்று யாராவது சொன்னார்களா? அதற்குப் பிறகு அவர் ஒரு போட்டோவாவது போட்டாரா?

எந்தக் குரூப்பைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். விலகிய இருவர் உங்கள் கண்ணில் பட்டுவிட்டார்கள். உள்ளேயே இருந்துகொண்டு கேட்பதை நிறுத்தியவர்கள் படமாட்டார்கள். நஷ்டம் அங்கேதான்.

மறுத்துப் பேசுவதே தப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். "எப்சம் உப்பு போட்டால் பூ கொட்டாது" என்ற ஃபார்வர்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியமும் கந்தகமும். அவை மண்ணில் குறைவாக இருந்தால்தான் அதனால் பலன். இதை யாராவது ஒருவர் அழுத்திச் சொல்லித்தான் ஆகவேண்டும், அந்த ஒருவர் உங்கள் குரூப்பில் இவராகவே இருக்கலாம். ஆகவே கோட்டை வேறு இடத்தில் போடுங்கள்: அவர் பேசுவது செடியைப் பற்றியா, ஆளைப் பற்றியா? "வேப்பெண்ணெய் மட்டும் போதாது, முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மோசமான கொப்பை வெட்டுங்கள்" என்பது வாதம். எவ்வளவு காரமாகச் சொன்னாலும் அது இருக்கட்டும். "படிக்காமலே பேசறீங்க" என்பது வாதமே இல்லை.

இன்னொன்று. ஒருவர்தான் பிரச்சினை என்கிறீர்கள். அவருக்கு விடாமல் பதில் சொல்லும் இரண்டு மூன்று பேரும் இருப்பார்களே, அவர்கள்? ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எரிச்சலான மனநிலையும், தனக்கு முன்னால் வம்பான பதிவுகள் கிடப்பதும் சேர்ந்தால் சாதாரண ஆளும் வம்பு பேச ஆரம்பிக்கிறார் என்று காட்டியது. அதாவது முதல் வம்பு மெசேஜ் எவ்வளவு நேரம் அங்கேயே கிடக்கிறது என்பது முக்கியம். ராத்திரி பதினொரு மணிக்குச் சண்டை சூடானால், அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் திறந்துவிடலாம். பதில் சொல்லும் வீரர்களிடமும் தனியாகப் பேசுங்கள். நியாயம் தங்கள் பக்கம் என்று நினைப்பதால் அவர்கள்தான் அதிகம் கோபித்துக்கொள்வார்கள், தயாராக இருங்கள்.

இப்போது பெரியவர். குரூப்பில் வைத்துக் கண்டிக்காதீர்கள். 600 பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். அந்த வயதுக்காரரிடம் மெசேஜைவிடப் போன் நல்லது. இப்படிப் பேசலாம்: "சார், எப்சம் உப்பு பத்தி நீங்க சொன்னது நிறைய பேருக்கு உதவியா இருந்துது. ஆனா நேத்து அந்தம்மாவைப் படிக்காமலே பேசறீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அவங்க அதுக்கப்புறம் குரூப்புல வாயே திறக்கல. மருந்தைப் பத்தி எவ்வளவு வேணாலும் சொல்லுங்க சார், ஆளைப் பத்தி வேண்டாம். இனிமே அப்படி வந்தா நான் மெசேஜை எடுத்துருவேன், தப்பா நினைக்காதீங்க." எந்த வாக்கியம் தப்பு, அதனால் யாருக்கு என்ன ஆனது, அடுத்த முறை என்ன நடக்கும் என்ற மூன்றும் இதில் இருக்க வேண்டும். "கொஞ்சம் பாத்துப் பேசுங்க சார்" என்று சொன்னால் அவரும் சரிம்மா என்பார், ஒன்றும் மாறாது.

இப்படிப்பட்டவருக்குப் பொறுப்பு கொடுத்தால் அடங்கிவிடுவார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மண் கலவைச் சந்தேகங்களுக்குப் பதில் என்று சின்னதாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். அட்மின் மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

விதியை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே பின் செய்து வையுங்கள். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் அறிவியல் குரூப்பில் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விவாதப் பக்கத்தின் மேலேயே விதிகளை ஒட்டிவைத்தபோது, புதிதாக எழுத வருபவர்கள் விதியைப் பின்பற்றுவது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது, புதியவர்களின் வரவும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி என்றால் பதினைந்து அம்சத் திட்டம் தேவையில்லை. "செடியைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள், மீறினால் ஒருமுறை எச்சரிக்கை, அடுத்து வெளியே" போதும்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் வாயை மட்டும் மூட வழியில்லை. அட்மின் ஒரு மெசேஜை நீக்கினாலும், இன்னார் நீக்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் ஒரே ஆளைக் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதவிடாமல் நிறுத்தலாம், இரண்டு மெசேஜுக்கு நடுவே இடைவெளியையும் கட்டாயமாக்கலாம். ஆனால் உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அங்கே வருவார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எச்சரித்த பிறகும் அதே பேச்சு என்றால் நீக்கிவிடுங்கள். காரணத்தை அவருக்குத் தனியாக இரண்டு வரியில் அனுப்புங்கள், குரூப்பில் விளக்கவுரை வேண்டாம். இன்வைட் லிங்க்கை ரீசெட் செய்து, புதியவர்கள் அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம் என்று மாற்றிவையுங்கள், இல்லையென்றால் வேறு நம்பரில் வந்து நிற்பார். அவரோடு நாலு பேர் போகத்தான் செய்வார்கள். போகட்டும்.

"உன் மேல கேஸ் போடுவேன்" என்று மிரட்டல் வந்தாலும் பதறாதீர்கள். மற்றவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, அவருக்கும் அதில் கூட்டு நோக்கம் இருக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் ஒரு வழக்கில் அதைப் பின்பற்றியது. ஆனால் யாராவது பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுத்தால் அது வேறு விஷயம். அதற்கு எச்சரிக்கை, அவகாசம் எதுவும் கிடையாது. ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கே நீக்குங்கள், சைபர் கிரைமில் புகார் கொடுக்க அந்தப் பெண்ணுக்குத் துணை நில்லுங்கள்.

நீக்கப்பட்டவர் சில மாதம் கழித்துத் திரும்ப வரலாமா என்று கேட்பதும் உண்டு. விதி ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்குத் தன்னை நீக்கியது எப்படித் தப்பு என்று ஆரம்பித்தால், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சார் என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.