கல்லம்பட்டிக் கத்தரியும் ஒரு மேனேஜ்மென்ட் சீட்டும்

உசிலம்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நீட் மதிப்பெண் குறைந்ததில் வீடே இடிந்துபோயிருக்கிறது. இருக்கத்தான் செய்யும். ஆனால் தாய்மாமன் சொல்கிறார் என்று கிணற்றடி நிலத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கலாமா என்று கேட்கிறீர்களே, அது வேண்டாம். வட்டி கட்டப்போவது மாமன் இல்லை.

நாலு ஊர்க் கத்தரி விதையைப் பாட்டிலில் போட்டு, காயின் நிறம், முள், எந்தச் செடி என்று மகள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள் என்கிறீர்கள். அதை "வெட்டி வேலை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். காய்கறி ரகம் உருவாக்குகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது அதைத்தான்.

இன்ஜினியரிங், நர்சிங் பற்றி உறவுக்காரர்கள் சொல்லியே தீர்த்திருப்பார்கள், விடுவோம்.

ஒத்தக்கடை வேளாண் கல்லூரியின் எம்.டி.யு 1 கத்தரி, கல்லம்பட்டி ஊர் ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. பெரியகுளத்தின் பி.கே.எம் 1 தக்காளி, அன்னஞ்சி ஊர்த் தக்காளியின் மரபில் திடீர் மாற்றத்தைத் தூண்டி எடுத்தது. ஊர் ரகம் தொலைந்திருந்தால் இரண்டுமே இல்லை.

ரகம் உருவாக்குகிறவர்கள் முப்பது நாற்பது ரகங்களை மூன்று முறை திரும்பத் திரும்ப வெவ்வேறு பாத்தியில் நட்டு, காய் எடை, காய் எண்ணிக்கை, பூக்கும் நாள் எல்லாம் அளப்பார்கள். எது மரபு, எது எருவும் தண்ணீரும் செய்த வேலை என்று பிரிக்கத்தான் இந்தப் பாடு. காய் எடை பெரும்பாலும் விதை வழியே இறங்கும். செடியின் மொத்த மகசூல் அப்படியில்லை, வாய்க்கால் ஓரத்துச் செடி கொழித்து நம்மை ஏமாற்றும். ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்ப்பதைத்தான் ஒட்டுக் கட்டுவது என்பார்கள். அப்படிச் சேர்க்கும் பெற்றோர் இரண்டும் மரபில் நெருங்கிய சொந்தமாக இருந்தால் பிள்ளைகளில் புதிதாகப் பொறுக்க ஒன்றும் இருக்காது.

மகளுக்கு இதில் கை வருமா என்று வீட்டிலேயே பாருங்கள். கத்தரிச் செடியில் மறுநாள் விரியப்போகிற மொட்டை மாலையில் சிறு இடுக்கியால் மெல்லத் திறந்து, மகரந்தப் பைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். சூல்தண்டு, அதாவது பூவின் நடுவில் நிற்கும் தண்டு, நீண்ட பூவாகத் தேர்ந்தெடுக்கணும். குட்டைத் தண்டுப் பூ காய் பிடிக்காது. காயாக மாறும் அடிப்பகுதியான சூலகத்தில் இடுக்கி முனை பட்டால் மொட்டு உதிரும், தாமதித்தால் தன் மகரந்தமே விழுந்துவிடும். பட்டர் பேப்பர் உறை போட்டு, மறுநாள் காலை தகப்பன் செடிப் பூவின் மகரந்தப் பையைக் கீறி மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியில் தடவி, மறுபடி மூடி, தேதியும் தாய் தகப்பன் பெயரும் எழுதிக் கட்டணும். காய் மஞ்சளாகும்வரை பறிக்கக் கூடாது. பத்துப் பூவில் இரண்டு பிடித்தாலே முதல் தடவைக்கு நல்லது. ஏழெட்டு உதிர்ந்த பிறகும் பதினோராவது மொட்டைத் தேடுகிறாளா என்பதைக் கவனியுங்கள்.

பொறுமை ஏன் என்றால், ஒரு ஒட்டிலிருந்து நிலையான ரகம் வர ஆறேழு தலைமுறை ஆகும். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் விதை கம்பெனியில் வெயிலில் பாத்தி சுற்றும் வேலைதான். ரகம் உருவாக்க எம்.எஸ்சி. கட்டாயம், பிஎச்.டி.யும் நல்லது. இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். பெரியகுளம் தோட்டக்கலையை முதலிலும் ஒத்தக்கடை விவசாயத்தை அடுத்தும் போடச் சொல்லுங்கள். தனியார் கல்லூரி என்றால் பல்கலைக்கழக இணைவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், மாமனுடைய கையில் கொடுக்க வேண்டாம்.