அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான நவஹோ இனத்தின் முதல் பெண் நீதிபதி யார்? சன்ஷைன் சைக்ஸா, கிளாடீன் பேட்ஸ் ஆர்தரா?

இருவருமே ஒவ்வொரு வகையில் முதல்வர்கள்: கிளாடீன் நவஹோ உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி, சன்ஷைன் அமெரிக்க மத்திய நீதிமன்றத்தின் முதல் நவஹோ நீதிபதி. குழப்பத்துக்குக் காரணம், இங்கே நீதிமன்றங்கள் இரண்டு வகை.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கும் நவஹோ தேசத்துக்கென்று சொந்தமாக நீதிமன்றங்கள் உண்டு. அதன் உச்ச நீதிமன்றம் இருக்கிற விண்டோ ராக் ஊருக்குப் போனால், நடுவில் வட்டமாகப் பெரிய ஓட்டை விழுந்த ஒரு சிவப்புப் பாறை நிற்கும், ஊருக்குப் பெயரே அதனால்தான். அந்த நீதிமன்றத்தில் 2003இல் தலைமை நீதிபதியான முதல் பெண் கிளாடீன். அதற்கு முன்பே நவஹோ தேசத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். பதவியேற்ற மறு வருடமே, 2004இல், இறந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சன்ஷைன் சைக்ஸ் அமெரிக்க மத்திய நீதிமன்றத்தைச் சேர்ந்தவர். 1974இல் நவஹோ நிலத்திலுள்ள டூபா சிட்டியில் பிறந்து, ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்து, கலிஃபோர்னியாவில் பழங்குடியினருக்கான சட்ட உதவி அமைப்பில் வேலை பார்த்தார். 2013இல் அதே மாநிலத்தின் ரிவர்சைடு கவுண்டி (மாவட்டம்) நீதிபதி. அப்புறம் 2022 மே மாதம் செனட்டில் 51-45 என்ற வாக்கில் ஒப்புதல் பெற்று, மத்திய நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் நவஹோ நீதிபதி ஆனார். ஆண்களிலும் அவருக்கு முன் யாரும் இல்லை!

மத்திய நீதிமன்றத்தின் முதல் பழங்குடிப் பெண் நீதிபதி மட்டும் வேறொருவர், 2014இல் வந்த டயேன் ஹுமெட்டேவா. அவர் ஹோப்பி இனம்.