பல திராட்சைகளைக் கலந்து செய்யும் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின், ஒற்றைத் திராட்சை ஒயினைவிட மட்டமா? நல்ல கலவை ஒயினை எப்படி ரசிப்பது?

மட்டமில்லை. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ வட்டாரத்தின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்கள் ஏறக்குறைய எல்லாமே கபர்னே சோவின்யோன், மெர்லோ, கபர்னே பிரான் ஆகிய திராட்சைகளின் கலவைதான். ஒற்றைத் திராட்சை என்று பெருமை பேச வேண்டுமானால் பர்கண்டிக்காரர்கள் பேசலாம். அவர்களுடைய பினோ நுவார் திராட்சைக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் பர்கண்டியின் வழக்கத்தைப் பிரான்ஸ் முழுவதற்கும் அளவுகோலாக வைக்க முடியாது. தெற்கே போகப் போக, கலக்காமல் ஒயின் செய்வதுதான் விதிவிலக்கு.

நான் லியோனில் வசிக்கிறேன். ரோன் நதியை ஒட்டித் தெற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஷாதோநெஃப் து பாப் என்ற சிற்றூர் வரும். எனக்குப் பழக்கமான கலவை ஒயின் அந்த ஊருடையது என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன். போர்தோவைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஒராஞ்ச் நகருக்கும் அவிஞ்ஞோன் நகருக்கும் நடுவே இருக்கிறது இந்த ஊர். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இருபத்திரண்டாம் ஜான், வெயில்காலத்தில் தங்குவதற்கு இங்கே குன்றின்மேல் ஒரு கோட்டை கட்டினார். ஊர்ப்பெயரில் உள்ள 'பாப்' (போப்) அதனால் வந்தது. கோட்டையில் மிஞ்சியிருந்த கோபுரத்தின் பெரும்பகுதியை 1944இல் ஜெர்மன் படைகள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டன. இன்று நிற்பது ஒரு பக்கச் சுவர்தான். இதே ஊரின் மேயர் 1954இல் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குமேல் பறக்கவோ இறங்கவோ கூடாது என்று ஆணை போட்டார். மீறி இறங்கினால் பறிமுதல். அந்த ஆணை இன்னும் நீக்கப்படவில்லை. ஒயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் விளம்பரம் தெரிந்த ஊர் என்பது புரியும்.

விளம்பரத்துக்கு அப்பால் அந்த ஊருக்குக் கறாரும் தெரியும். ஒரு காலத்தில் இங்கு விளைந்த ஒயினில் பெரும்பகுதி, பீப்பாய் பீப்பாயாக வடக்கே போய்ப் பர்கண்டியின் மெலிந்த ஒயினுக்குத் தெம்பூட்டப் பயன்பட்டது. ஊர்ப்பெயரைப் போட்டுப் போலிச் சரக்கு விற்பவர்களும் பெருகினார்கள். 1920களில் ஃபோர்சியா தோட்டத்தின் உரிமையாளரான பரோன் பியேர் லெ ருவா விவசாயிகளைத் திரட்டி விதிகள் எழுதினார். சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். எந்த நிலத்தில் லாவெண்டரும் தைமும் சேர்ந்து வளருமோ, அந்த வறண்ட நிலத்தில் விளைந்த திராட்சைக்குத்தான் ஊர்ப்பெயர் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. 1936இல் அரசு ஆணையாக வந்த விதிகள் அடிப்படையில் இவைதான். பிரான்சில் முதன்முதலாகப் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற ஒயின்களில் இது ஒன்று. ஒரு ஹெக்டேருக்கு 3,500 லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. இயந்திர அறுவடை கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். அழுகல், காய் எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும்.

பதின்மூன்று வகைத் திராட்சைகளுக்கு அனுமதி உண்டு. அவற்றில் வெள்ளைத் திராட்சைகளும் அடக்கம். அவற்றையும் சிவப்பு ஒயினில் சேர்க்கலாம். எதை எவ்வளவு சேர்ப்பது என்பது தோட்டக்காரரின் விருப்பம். நடைமுறையில் முக்கால் பாட்டில் கிரெனாஷ் என்னும் கருந்திராட்சைதான். மீதியைச் சிரா, மூர்வெத்ர் என்ற வேறு இரண்டு கருந்திராட்சைகள் பங்கிட்டுக்கொள்ளும். சான்சோ, கூனுவாஸ் போன்றவை கொசுறு.

ஏன் கலக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளக் கிரெனாஷின் குணத்தைப் பார்க்க வேண்டும். வறட்சிக்கும் காற்றுக்கும் அஞ்சாத கொடி அது. மிஸ்த்ரால் என்னும் வடகாற்று இங்கே வீசினால் நிற்க முடியாது. கிரெனாஷின் தண்டு தடித்தது, பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டையாகத் தன் காலில் நிற்கும். பழத்தில் சர்க்கரை ஏராளம், ஆகவே ஆல்கஹாலும் ஏராளம். 15 சதவீதம் இங்கே சாதாரணம். வாயில் வைத்தால் ஒரு வெதுவெதுப்பு, பழுத்த செம்பழங்களின் இனிமை. குறைகளும் உண்டு. நிறம் வெளிறியது. புளிப்பு குறைவு. ஒயினில் காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் பழத்தின் சுவை வற்றி, வெறும் சூடு மட்டும் மிஞ்சும்.

மூர்வெத்ர் இதற்கு நேர் எதிர். தோல் தடிப்பு, நிறம் கருமை, துவர்ப்பு அதிகம், ஒயினில் காற்றுப் பட்டாலும் தாங்கும். தனியாகக் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒயின்; தோல், இறைச்சி, ஈரமண் என்று முரட்டு வாசனைகள். தாமதமாகப் பழுக்கும். தலை வெயிலிலும் கால் தண்ணீரிலும் இருந்தால்தான் அதற்குத் திருப்தி என்பார்கள் அந்தப் பக்கத்து விவசாயிகள். சிரா நிறமும் மிளகு வாசனையும் கொண்டுவருகிறது. இங்கே வெயில் அதற்குச் சற்று அதிகம் என்பதால் வடக்கு ரோனில் உள்ள மிடுக்கு அதற்கு இங்கே கிடையாது. சான்சோ மென்மைக்கு. கூனுவாஸ் புளிப்புக்கும் லேசான காரத்துக்கும். கோடை கடுமையாகிக்கொண்டே போவதால், ஆல்கஹால் குறைவாகத் தரும் இந்தச் சில்லறை வகைகள்மீது இப்போது தோட்டக்காரர்களுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. நல்ல செய்தி.

ஆக, ஒன்றின் பலவீனத்தை இன்னொன்று தாங்கிப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தது சுவைஞர்கள் அல்ல, விவசாயிகள். எல்லாக் கொடியும் ஒரே வாரத்தில் பூக்காது, ஒரே வாரத்தில் பழுக்காது. 2013 வசந்தத்தில் குளிரும் மழையுமாக இருந்து கிரெனாஷ் பூவெல்லாம் உதிர்ந்தது. விளைச்சல் கடுமையாக விழுந்தது. சிராவும் மூர்வெத்ரும் போதிய அளவு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அந்த ஆண்டு ஒயின்கள் பலவற்றில் கிரெனாஷின் பங்கு குறைவு. வழக்கத்தைவிட மெலிவாக, குளுமையாக இருக்கும் அவற்றைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வகைகளையும் இன்றும் வளர்க்கும் ஷாதோ போகாஸ்தெல் என்ற தோட்டம் வகை வகையாகத் தனியே நொதிக்க வைக்கிறது. காற்றுப் பட்டால் களைத்துப்போகும் கிரெனாஷ் ஒயின் ஓடு பதித்த சிமெண்ட் தொட்டியில்; கொஞ்சம் காற்று தேவைப்படும் சிராவும் மூர்வெத்ரும் மரத்தொட்டியில். பிறகுதான் சுவைத்துப் பார்த்துக் கலக்கிறார்கள், பெரிய ஓக் பீப்பாய்களில் உறங்க வைக்கிறார்கள். அங்கே மூர்வெத்ரின் பங்கு கிரெனாஷுக்குச் சமமாக, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். அந்த ஊரில் இது அரிது.

இங்கே ஒருவர் கைதூக்கி ராயாஸ் என்று சொல்வார். சொல்லட்டும். இந்த வட்டாரத்தில் ஆட்கள் அதிகம் துரத்தும் சிவப்பு ஒயின் ஷாதோ ராயாஸ். அது முழுக்க முழுக்கக் கிரெனாஷ். ஆனால் அந்தத் தோட்டம் இந்த ஊரின் படங்களில் வரும் உருளைக்கல் நிலம் அல்ல. காடு சூழ்ந்த மணல் நிலம், குளுமையானது. அங்கே கிரெனாஷுக்கு வெயில் உறைப்பதில்லை, ஆகவே துணையும் தேவைப்படுவதில்லை. அதிலும் வெவ்வேறு துண்டு நிலங்களின் ஒயின்களைக் கடைசியில் சேர்த்துத்தான் புட்டியில் அடைக்கிறார்கள். அதுவும் ஒருவகைக் கலவைதானே?

சரி, ரசிப்பது எப்படி?

முதலில் சூடு. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்ற விதி, கல்சுவர் வீடுகளில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுடையது. இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. சென்னையிலோ கோடைக்கால லியோனிலோ குடிப்பதானால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 25 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், மற்றது எதுவும் தெரியாது. வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

நிறத்தைப் பார்க்கும்போது கருமையைத் தேடாதீர்கள். கிரெனாஷ் மிகுந்த ஒயின் விளிம்பில் வெளிறித்தான் இருக்கும். வயதானால் செங்கல் நிறமாகும். மைபோன்ற கருப்பு உயர்வுக்கு அடையாளம் என்பது கடைக்காரர்கள் வளர்த்த பழக்கம்.

மூக்கில் முதலில் வருவது பழம். சற்றுப் பொறுத்தால் காய்ந்த மூலிகை: தைம், ரோஸ்மேரி, லாவெண்டர். அந்தப் புதர்க்காட்டை அங்கே காரிக் என்பார்கள். வெயிலில் அந்தத் தோட்டங்களுக்கு இடையே நடந்தால் காற்றிலேயே அது இருக்கும். பத்து வாசனைகளின் பட்டியல் போட்டால்தான் ஒயின் தெரிந்தவர் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியல் விளையாட்டு எனக்கு அலுப்பூட்டுகிறது. ஒருவருக்குச் செர்ரியாக இருப்பது இன்னொருவருக்கு நாவல்பழம், இருவரும் சரி.

கலவை ஒயினில் கவனிக்க வேண்டியது வரிசை. ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு, என்ன முதலில் வருகிறது, என்ன பின்னால் வருகிறது என்று பாருங்கள். இனிமையும் வெதுவெதுப்பும் முதலில் பரவும். அது பெரும்பாலும் கிரெனாஷ். சர்க்கரை எதுவும் மிஞ்சியிருக்காது, ஆனால் இனிப்பதுபோல் தோன்றும். நடுவில் மிளகு தட்டுப்படும். விழுங்கிய பிறகு ஈறுகளில் துவர்ப்பு பிடிக்கும். மட்டமான ஒயினில் அது பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல் வாயை இழுத்துக் கட்டிவிடும். நல்ல ஒயினில் மெல்லிய தூளாகப் படர்ந்து எச்சில் ஊறியதும் கரையும். இந்த மூன்றுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் இருந்தால் கலந்தவர் கைதேர்ந்தவர். பழம் ஒருபக்கமும் துவர்ப்பு ஒருபக்கமுமாக நின்றால், ஒயின் இன்னும் இளசு. அல்லது கலவை சரியில்லை.

புட்டியைத் திறந்தவுடன் ஒரு வாய், ஒரு மணி நேரம் கழித்து ஒரு வாய், கொஞ்சம் மிச்சம் வைத்து மறுநாள் ஒரு வாய். மூர்வெத்ர் அதிகமுள்ள ஒயின் மறுநாள்தான் வாய்திறக்கும். கிரெனாஷ் மட்டும் உள்ள மலிவு ஒயின் மறுநாள் சோர்ந்துவிடும். எந்தப் புத்தகமும் இல்லாமல் இரண்டின் குணமும் புரிந்துவிடும்.

இன்னும் ஆர்வம் இருந்தால் நானும் நண்பர்களும் செய்யும் ஒரு வேலையைச் செய்து பாருங்கள். கிரெனாஷ் மிகுந்த கோத் து ரோன் (ரோன் பள்ளத்தாக்கின் பொதுப்பெயர் ஒயின்) ஒன்று, சிராவுக்குக் குரோஸ் எர்மிதாஜ் ஒன்று, மூர்வெத்ருக்குப் பாந்தோல் ஒன்று வாங்குங்கள். பாந்தோல் சிவப்பில் பாதியாவது மூர்வெத்ர் இருக்க வேண்டும் என்பது விதி. தனித்தனியே சுவைத்துவிட்டு, ஓர் அளவுக் குவளையால் ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு என்று கலந்து பாருங்கள். ஒரு கரண்டி பாந்தோல் சேர்ந்ததும் கோத் து ரோனுக்கு எலும்பு முளைப்பதைப் பார்க்கலாம். இன்னொரு கரண்டி சேர்த்தால் கெட்டுப்போவதையும் பார்க்கலாம். பக்கத்து மேசையில் பிரெஞ்சுக்காரர் யாராவது இருந்தால் முகம் சுளிப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

நாற்றங்களில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். மாட்டுத்தொழுவ வாடை லேசாக வந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. தெற்கு ரோனின் பழைய பாணி ஒயின்களில் அது இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழகு என்பவர்களின் கட்சி நான். அதிகமானால் குடிக்க முடியாது.

உணவு என்றால் ஆட்டிறைச்சி. அந்த ஊரில் மூலிகை போட்டுச் சுட்ட தொடையோ, ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியோ வைப்பார்கள். நம் சமையலோடு வைப்பதானால் மிளகாய்தான் சிக்கல். ஆல்கஹாலின் எரிச்சலை மிளகாய் பெருக்கிவிடும், பழச்சுவை காணாமல் போகும். மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல் ஒத்துப்போகும். செட்டிநாட்டுக் காரக்குழம்பு ஒத்துப்போகாது, பீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது பற்றி: ஷாதோநெஃப் பிரான்சிலேயே முப்பது நாற்பது யூரோ ஆகும். புட்டியில் கழுத்துக்குக் கீழே போப்பின் கிரீடமும் சாவிகளும் புடைத்திருப்பது அழகுதான், தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. புட்டியில் அடைத்த இளமையில் பழச்சுவையோடு இருக்கும். பிறகு சில ஆண்டுகள் மூடிக்கொள்ளும். எட்டுப் பத்து ஆண்டில் மறுபடி திறக்கும். 2010, 2016 இரண்டும் சிறந்த ஆண்டுகள். 2016 கிடைத்தால் இப்போது திறக்கலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பக்கத்து ஊர்களான ஜிகோந்தாஸ், வாக்கேராஸ் ஒயின்களை வாங்குங்கள். அதே திராட்சைகள்தான், விலை குறைவு. போகாஸ்தெல் தோட்டத்துக்காரர்களே நெடுஞ்சாலைக்கு மறுபக்கம் விளைவதைக் கூதுலே என்ற பெயரில் கோத் து ரோனாக விற்கிறார்கள். நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.